டொக் டொக்கும் வாயூறிய நரியும்

தேக்கங்காட்டில் ஒரு நரி இருந்தது. அதற்கு ஒரு காட்டுக்கோழி மேல் கண். ஆனால் கோழி படு உஷார். இலை அசைந்தாலே மரத்தில் ஏறிவிடும்.

நரி ஒரு திட்டம் போட்டது. புற்றைத் தோண்டிக் கரையான்களை எடுத்து, விழுந்து கிடந்த அடிமரத்தின் பக்கத்தில் குவித்தது. ஒரு கல்லால் மரத்தை டொக் டொக் என்று தட்டிவிட்டுத் தூரத்துப் புதரில் ஒளிந்துகொண்டது.

கோழி தயங்கித் தயங்கி வந்தது. கோடைகாலம், குஞ்சுகளுக்குப் பசி. கரையானைக் கண்டதும் அதற்கு ஒரே சந்தோஷம்!

மறுநாளும் டொக் டொக், மறுநாளும் கரையான். போகப் போக, சத்தம் கேட்டதும் கோழி அக்கம்பக்கம் பார்க்காமல் ஓடி வந்தது.

"ஏன்டி, சும்மா யாராவது தோண்டிப் போடுவாங்களா?" என்று அதட்டியது அதன் தோழி மரங்கொத்தி.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சத்தம் கேட்டா காலு தானா ஓடுதே!" என்றது கோழி.

புதருக்குள் நரி சும்மாவா இருந்தது? டொக் டொக் என்று தட்டும், கொழுத்த கோழி வரும், பார்த்துப் பார்த்து எச்சில் விழுங்கும். தினமும் இதே வேலை!

ஒருநாள், "இனி இவள் என் சாப்பாடு!" என்று நரி முடிவு செய்தது. கரையான் வைக்கவில்லை. மரத்தைத் தட்டிவிட்டு அதன் பின்னாலேயே பதுங்கிக்கொண்டது.

கோழி தலைதெறிக்க ஓடி வந்தது. இன்னும் இரண்டே எட்டுதான்!

அப்போது காய்ந்த தேக்கிலையில் சொட்... சொட்... என்று ஏதோ விழுந்தது. கோழி சட்டென்று நின்றது.

"இந்த வெயிலில மழையா?"

நரி பாய்ந்தது. கோழி பறந்தது. நரியின் வாயில் ஒரு வால் இறகுதான் மிஞ்சியது.

"சத்தமே போடாமல்தானே இருந்தேன்! எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று கத்தியது நரி.

"உங்க வாய்தான் சொல்லிச்சு, நரியண்ணே!" என்றது கிளையில் இருந்த கோழி.

மரங்கொத்திக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து மரத்தில் டொக் டொக் என்று கொத்திப் பார்த்தது. நரியின் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாக எச்சில் வழிந்தது! கோழியின் காலும் துறுதுறுத்தது. அது கிளையை இறுகப் பற்றிக்கொண்டது.

கரையான் வராத சத்தத்தைக் கோழியின் கால்கள் சீக்கிரமே மறந்துவிட்டன. அது குஞ்சுகளோடு தானே மண்ணைக் கிளறி இரை தேடியது. பாவம், நரிக்குத்தான் மறக்கவில்லை. மரங்கொத்தி எங்கே கொத்தினாலும் அதற்கு வாயூறும். அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டதும் முயல்கூட எழுந்து நிதானமாக நடையைக் கட்டிவிடும்.

பிறரை ஏமாற்ற நாம் பழக்கும் பழக்கம், முதலில் நம்மைத்தான் பிடித்துக்கொள்ளும்.