பனிமொக்குக்குக் கொள்ளி

முன்னொரு காலத்தில் மேழிநாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டான். காலையில் நினைத்தது மாலைக்குள் நடக்காவிட்டால் யாருக்காவது தலை போகும். அப்படிப்பட்ட ராஜா.

அந்த நாட்டில் கூனிப்பாறை என்று ஒரு மலை. அதன் உச்சியில், பனி ஒழுகும் ஒரே ஒரு வெடிப்பில் மட்டும் பனிமொக்கு என்ற புதர்ச்செடி பூக்கும். உலகத்திலேயே மொத்தம் மூன்று செடிதான். அதற்குக் காவல், வெள்ளச்சி என்ற மலைக்காரி.

அரண்மனைத் தோட்ட அதிகாரி கச்சிராயருக்கு வயிற்றெரிச்சல். “நம்மிடம் இல்லாத பூ ஒரு மலைக்காரியிடம் இருக்கலாமா, மகாராஜா? நம் மண்ணில் வைத்தால் இன்னும் தழைக்கும்” என்று ஓதினார். ஒரு செடியைப் பிடுங்கி வந்தார்கள். ஏழாம் நாள் கருகியது. இரண்டாவதும் அப்படியே.

“அவள் ஏதோ மருந்து வைக்கிறாள்” என்றார் கச்சிராயர். ராஜா உத்தரவு போட்டான்: “மூன்றாவதை அவளே கொண்டுவரட்டும். அமாவாசைக்குள் செடி வராவிட்டால் தலை வரட்டும்.”

வெள்ளச்சி இரவெல்லாம் கணக்குப் போட்டாள். கொடுத்தால் பனிமொக்கு பூண்டோடு போகும். கொடுக்காவிட்டால் இவள் கழுத்து போகும்.

அமாவாசையன்று மூடிய கூடையோடு வந்தாள். செடிதான் என்று காவலர் விட்டுவிட்டார்கள். சபை நடுவே துணியை விலக்கினாள். உள்ளே பச்சை மூங்கிலில் கட்டிய சின்னப் பாடை, அதன்மேல் தோட்டத்துக் குப்பைமேட்டிலிருந்து பொறுக்கிய இரண்டு கருகிய செடிகள், பக்கத்தில் சாம்பல் மூடிய கனலோடு கொள்ளிச்சட்டி. சபையே எழுந்து விலகியது.

“யார் செத்தது?” ராஜாவின் குரல் இறங்கிவிட்டது.

“உங்க விருந்தாளிங்க ரெண்டு பேரு, சாமி. எங்க மலையில விருந்துக்கு வந்த உசுரு போயிட்டா, கூப்பிட்டவருதான் மொட்டை போட்டுக் கொள்ளி வைக்கணும். வைக்காத வீட்டுல விளக்கு எரியாது. மூணாவது இதுங்க வம்சத்துல கடைசி. அதுக்கும் மூங்கில் வெட்டி வாசல்ல வச்சிருக்கேன். சொன்னா இப்பவே போய் அந்தச் செடியக் கொண்டாரேன்.”

ராஜாவின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. பிறகு மெதுவாகக் கேட்டான்: “கச்சிராயரே, கூப்பிடச் சொன்னது யார்?”

கச்சிராயர் தலைப்பாகையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மொட்டை அவருக்கு விழுந்தது. கொள்ளியும் அவரே வைத்தார். ராஜா சொன்னான்: “இடம் மாற்றி வைத்தால் தழைக்கும் என்றீரே. உம்மைக் கூனிப்பாறையில் வைத்துப் பார்க்கிறேன். இனி அந்தச் செடிக்கு இவள் எஜமானி, நீர் காவல்.”

ஏழாம் நாள் கச்சிராயர் பனியில் வெடவெடத்து வெடிப்போரம் சுருண்டு கிடந்தார். வெள்ளச்சி கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

“பயப்படாதீங்க ஐயா. அதுங்க ரெண்டும் ஏழாம் நாள்தான் போச்சு. இன்னைக்குத் தாண்டிட்டா வேர் பிடிச்சிரும்.”