செண்பகம் வீட்டு விருந்தாளிங்க

ஒரு ஊர்ல ஒரு ஃபிரிட்ஜ் இருந்துச்சாம். என்னடி சிரிப்பு? ராஜாவுக்கு மட்டும்தான் கதை இருக்கணுமா? 'ம்' கொட்டு, இல்லன்னா நான் தூங்கிருவேன்.

அந்த ஃபிரிட்ஜ் செண்பகத்தோடது. வீட்ல அவளும் அவ புருஷன் பூவராகனும், ரெண்டே பேரு. ஆனா சமைக்கிறது ஆறு பேருக்கு. "எதுக்கு செண்பகம் இவ்வளவு?"ன்னு அவரு கேட்டா, "யாராவது வந்தா?"ம்பா. யாராவதுன்னா வேற யாரு, அவ அக்கா விருதாம்பாதான். இவளை இடுப்புல தூக்கி வளத்தவ. அக்கா ஒரு நாளாவது வந்து தன் கையால சாப்பிட மாட்டாளான்னு செண்பகத்துக்கு அவ்வளவு ஏக்கம். அக்கா வரல. மிஞ்சினதெல்லாம் கிண்ணம் கிண்ணமா ஃபிரிட்ஜுக்குள்ள போச்சு. ம்?

அப்புறம் ஒரு நாள் 'டொக் டொக்'னு சத்தம். வாசல்ல இல்ல, ஃபிரிட்ஜுக்குள்ள. திறந்தா, முந்தாநாள் வத்தக்குழம்பு மூடியைத் தொப்பியா கவுத்துக்கிட்டு 'சளக் சளக்'னு இறங்கி வருது. "யாராவது வந்தான்னு கேட்டீங்களே, வந்துட்டேன்"னு நாற்காலில உக்காந்துக்கிச்சு. "பசிக்குது"ன்னுச்சு. வந்தவங்களைப் பட்டினி போட முடியுமா? செண்பகம் புதுசா சோறு வடிச்சுப் போட்டா. அது ரெண்டு வாய் தின்னுட்டு மிச்சம் வச்சுது. அந்த மிச்சத்தையும் எடுத்து ஃபிரிட்ஜுலயே வச்சா, பாரேன் அவ புத்தியை.

அப்போ மறுபடி 'டொக் டொக்'. நேத்து இட்லிங்க. 'தொப்பு தொப்பு'னு குதிச்சு, "குளுருது"ன்னு பூவராகனோட போர்வையைப் பிடுங்கிக் கட்டில் பூரா படுத்துக்கிச்சுங்க. பாவம் அந்த மனுஷன், துண்டை விரிச்சுக் குளியலறை ஓரமா உக்காந்தாரு.

மூணாவதா போன வாரத்து சாம்பார். சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வந்துச்சு. நாத்தம்னா நாத்தம், குடலைப் பிடுங்குது. நேரா போய் வாசப்படியை அடைச்சுக்கிட்டு உக்காந்துருச்சு.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்போதான் தெருவுல ஒரு ஆட்டோ நின்னுச்சு. இறங்கினது விருதாம்பா அக்கா. எட்டிப் பாத்தா உள்ள கால் வைக்க இடமில்ல. "விருந்தாளிங்க நிறைய போல. இன்னொரு நாள் வரேண்டி"ன்னு திரும்பிட்டா. யாருக்காகச் செண்பகம் இத்தனை நாளா சமைச்சாளோ, அவளுக்கே இடம் இல்லாமப் போச்சே. சாம்பாரைத் தாண்டி ஓடி, அக்கா பையைப் பிடிச்சுக்கிட்டு, "போகாதக்கா. இதுங்க விருந்தாளி இல்ல. எல்லாம் உனக்காகச் சமைச்சதுதான்"னு அழுதா.

அக்கா உள்ள ஒரு தடவை நல்லா பாத்தா. "அப்ப அடுப்பைப் பத்த வை. சாப்பிடுவோம்"ன்னா.

'படபட'ன்னு கடுகு வெடிச்சுது. இட்லிங்க போர்வையை உதறிட்டு வாணலில குதிச்சு உதுந்து உப்புமா ஆச்சுங்க. வத்தக்குழம்பு தொப்பியைக் கழட்டிட்டு, "இப்பவாவது கூப்பிட்டீங்களே"ன்னு அடுப்புல ஏறிச் சுண்டுச்சு. வாசப்படியில இருந்து சாம்பார் மெதுவா எழுந்து, "நானும் வரலாமா?"ன்னு கேட்டுச்சு. அக்கா மோந்து பாத்துட்டு, "உனக்கு நேரம் தாண்டிப் போச்சுய்யா"ன்னா. அது கொல்லைக்குப் போய், வாழை மரத்தடியில தானே குழி தோண்டிப் படுத்துக்கிச்சு. செண்பகம்தான் மண்ணைத் தள்ளினா. நல்லா இருந்தப்பவே சாப்பிட்டிருக்கலாமேன்னு அவளுக்கு மனசு கேக்கல.

அப்புறம் மூணு பேரும் வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாங்க. ஃபிரிட்ஜ் காலி.

மறுநாள் செண்பகம் ரெண்டு பேருக்கு மட்டும் அரிசி எடுத்தா. பூவராகன் பயந்து போய், "இது போதுமா?"ன்னாரு. "அக்கா வந்தா இன்னொரு தடவை உலை வைக்கிறேன். வேகுற வரைக்கும் உக்காந்து பேசிக்கிட்டு இருக்கட்டும். இப்பதான் உக்கார இடம் இருக்கே"ன்னா செண்பகம்.

கதைக்கு வயிறு நிறைஞ்சு போச்சு. நீயும் கண்ணை மூடு.