வாத்துக்குப் போன பன்னிரண்டு குழாய்

அன்று மூங்கில் புதரடியில் கூடியவர்கள்: எலிக் குடும்பம் ஒன்பது, முயல் குடும்பம் நான்கு, முள்ளம்பன்றிக் குடும்பம் இரண்டு, அணில் குடும்பம் ஒன்று. ஆக மொத்தம் பதினாறு. வழக்கை விசாரிக்க வந்த அழுங்கு தனி. அது எறும்பு தின்னும் பிராணி. அரிசியில் அதற்கு ஆசை இல்லை. அதனால்தான் அதை அழைத்தார்கள்.

இந்தப் பதினாறு குடும்பங்களும் மழைக்காலத்துக்காக மூங்கிலரிசி சேமித்திருந்தன. குடும்பத்துக்கு இரண்டு மூங்கில் குழாய் நிறைய. மொத்தம் முப்பத்திரண்டு. அதைப் பாறைக்குழியில் வைத்து, அணிலை மேனேஜர் ஆக்கியிருந்தன. ஐப்பசி மழை பிடித்ததும் குழியைத் திறந்தார்கள். இருபதுதான் இருந்தது!

"வீட்டுக்கு ஒன்றேகால் குழாய்தான் வரும். எனக்கு ஆறு குட்டிகள்! மழை விடும்வரை எப்படித் தாங்கும்?" என்று அழுதது ஓர் எலி.

அழுங்கு கேட்டது: "மீதி பன்னிரண்டு எங்கே, மேனேஜரே?"

"வாத்துக்குக் கடன் கொடுத்தேன், ஐயா."

"எந்த வாத்து?"

"குளிருக்கு வந்து, பங்குனியில் வடக்கே பறந்து போகுமே, அந்த வாத்து."

முயல்கள் தலையில் அடித்துக்கொண்டன.

"அடமானம் வாங்கினாயா?"

"வாங்காமலா! ஆற்று நடுவே இருந்த மணல்திட்டை எழுதிக் கொடுத்தது. நல்ல அகலம்!"

"நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. போனாயா?"

"ஆற்றில் யார் இறங்குவது? மரத்தில் இருந்தபடியே பார்த்தேன்."

"இப்போது அந்தத் திட்டு எங்கே?"

அணில் மீசையைத் தடவியது. "ஆடி வெள்ளத்தில் கரைந்துவிட்டது."

"நம் உறுப்பினர் இருவர் ஜாமீன் நிற்க வேண்டுமே?"

"இரண்டு பேர் நின்றார்கள், ஐயா! இன்னும் இரண்டு வாத்துகள்."

"அவை எங்கே?"

"அதோடேயே பறந்துவிட்டன."

முள்ளம்பன்றி சிரித்த சிரிப்பில் முட்கள் சடசடத்தன.

"சிரிக்காதே!" என்று சீறியது அணில். "நான் ஓர் அரிசிகூட வாயில் வைக்கவில்லை! அந்த வாத்து என்னை 'மேனேஜர் ஐயா' என்று கூப்பிட்டது. நம்பினேன். ஏமாற்றியது வாத்து. நான் என்ன செய்வேன்?"

அழுங்கு கொஞ்சம் யோசித்தது. "உன் வீட்டில் சொந்தமாக எத்தனை குழாய் இருக்கிறது?"

"பதிமூன்று."

"வாத்து அதைக் கேட்கவில்லையா?"

"முதலில் அதைத்தான் கேட்டது. முடியாது என்றேன்."

"ஏன்?"

"பறந்து போகிற பறவைக்குக் கொடுத்தால் திரும்ப வருமா? நான் என்ன முட்டா..."

அணில் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"திரும்ப வராது என்று தெரிந்தே ஊர் அரிசியைக் கொடுத்திருக்கிறாய்," என்றது அழுங்கு. "பன்னிரண்டையும் உன் வீட்டிலிருந்து கொண்டுவந்து குழியில் வை. வாத்திடம் வசூலிப்பது உன் பாடு. இன்றோடு மேனேஜர் வேலையும் இல்லை."

அணிலின் மனைவி எழுந்தாள். "வாங்க, மேனேஜர் ஐயா! பன்னிரண்டையும் நீங்கள்தான் தூக்க வேண்டும்!"

பன்னிரண்டு குழாயும் வந்து சேர்ந்தன. பதினாறு குடும்பங்களும் இரண்டிரண்டு வாங்கிக்கொண்டு போயின. ஆறு குட்டிகளின் தாயும் போனாள். அணிலுக்கும் அதன் பங்கு உண்டு, கொடுத்தார்கள்.

பொதுப் பண்டத்தை விதி மீறிக் கடன் கொடுத்தவர், அதில் ஒரு மணிகூடத் தின்னாவிட்டாலும், நட்டத்தைத் தாமே கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய பிறகு அணில் வீட்டில் மீதி, பங்கையும் சேர்த்து, மூன்று குழாய்.