கூரை பறந்த கோர்ட்டு

அன்றைக்கு அடித்த காற்று இருக்கிறதே, கருமந்திமலைக் கோர்ட்டின் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டது!

மிட்டாதார் தணிகாசலம் குதிரையில் பாய்ந்து வந்தார். கோர்ட்டு இருக்கும் இடம் அவர் தாத்தா கொடுத்தது. ஒருநாள் கோர்ட்டு நடக்காவிட்டாலும் இடம் குடும்பத்துக்கே திரும்பும் என்பது நிபந்தனை.

"கூரையே இல்ல, கோர்ட்டு எங்க நடக்கும்? இடத்தை என் பேருக்குத் திருப்பிக் குடுங்க!" என்று முன்சீப்பிடம் மனுவை நீட்டினார்.

முன்சீப் திகைத்தார். மலைஜனம் கலங்கியது. இனி ஒவ்வொரு வழக்குக்கும் மலையிறங்கி நடக்க வேண்டுமே!

டவாலி சடையன் மனுவை வாங்கி மழையில் நனைந்த மேஜைமேல் வைத்தான். வாசலுக்குப் போய் வழக்கம்போல் கூவினான்: "மனுதாரர் தணிகாசலம்! மனுதாரர் தணிகாசலம்!"

மூன்றாவது கூப்பாட்டுக்கும் வராவிட்டால் மனு தள்ளுபடி. மிட்டாதார் பதறியடித்துக் கூண்டில் ஏறினார்.

"ஆஜர்! ஆஜர்!"

"எங்க ஆஜருங்க, சாமி?"

"கோர்ட்டுலதான்டா!"

ஜனம் கொல்லென்று சிரித்தது. முன்சீப் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மனு தள்ளுபடி. சடையா, அடுத்த வழக்கைக் கூப்பிடு!"