நொண்டிய பாட்டுக்காரன்

இந்தக் கதையை முதலில் சொன்னது பிலோமினா அக்கா. போன தவக்காலத்தில் நாங்கள் நீலகிரியில் இருக்கும் அவலாஞ்சிக்குப் போனபோது, வேன் பஞ்சராகி நின்ற இடத்தில் சொன்னார்.

மலை உச்சிப் புல்வெளியில் மிடுக்கன் என்றொரு நெட்டைக்காலிக் குருவி இருந்தான். பாட்டென்றால் அவனுக்கு உயிர். அவன் மனைவி தவிட்டி, புல் புதருக்கடியில் தரையிலேயே கூடு கட்டியிருந்தாள். நெட்டைக்காலிகள் கூட்டுக்கு நேராக வந்து இறங்குவதில்லை. தள்ளி இறங்கி, புல்லுக்குள் பதுங்கி நடந்துதான் போகும்.

அன்று காலை முட்டைகள் பொரிந்தன. மிடுக்கனுக்குத் தலைகால் புரியவில்லை. விர்ரென்று வானத்தில் ஏறினான், தொண்டை கிழியப் பாடினான், அப்படியே நேராகக் கூட்டின் பக்கத்தில் வந்து குதித்தான்!

"என்னங்க இது! யாராவது பார்த்திருந்தா?" என்றாள் தவிட்டி.

பார்த்துவிட்டது. பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த கீரி, மூக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தது.

"நான் குஞ்சுகளை மூடிக்கிறேன். நீங்க முன்னால போய் நொண்டுங்க. சிறகு ஒடிஞ்ச மாதிரி இழுங்க. அது உங்க பின்னால வரும்."

"நானா? நொண்டுறதா? அங்க பக்கத்து மேட்டுக் குருவி கரட்டான் உட்கார்ந்திருக்கான். காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. அவன் சிரிச்சா பிள்ளைங்க செத்தா போகும்?"

புல் அசைந்தது. கீரியின் சிவந்த கண் தெரிந்தது.

மிடுக்கன் பறந்துபோய்க் கீரியின் மூக்குக்கு முன்னால் தொப்பென்று விழுந்தான். ஒரு சிறகைத் தரையில் இழுத்தான். ஈனக் குரலில் முனகினான்.

"காலைப் பலகாரம் கிடைச்சுது!" கீரி பாய்ந்தது. மிடுக்கன் ஒரு முழம் தள்ளி விழுந்தான். மறுபடி பாய்ச்சல். வால் இறகு ஒன்று கீரியின் வாயோடு போனது!

"என்ன மாப்ளே, பெரிய பாட்டுக்காரன் இப்ப நொண்டியாட்டம் ஆடுறே?" என்று கரட்டான் கத்தினான்.

மிடுக்கன் காதில் வாங்கவில்லை. ஓடையைத் தாண்டி, சரிவைத் தாண்டி, உருண்டு புரண்டு போனான். பள்ளத்தின் விளிம்பு வந்ததும் ஜிவ்வென்று எழும்பினான். கீரி வாயைப் பிளந்து நின்றது. திரும்பிப் பார்த்தால் மேடு முழுக்க ஒரே மாதிரிப் புல். எந்தப் புதர் என்று அதற்கு மறந்தே போனது!

மிடுக்கன் கரட்டானிடம் வந்தான். மூச்சு வாங்கியது.

"சிரிச்சு முடிச்சியா? பிள்ளைங்க பசியா இருக்குது. ஒரு பூச்சி பிடிச்சுக் குடு."

கரட்டான் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து நீட்டினான்.

பெற்ற பிள்ளையைக் காப்பாற்றக் குனிகிறவருக்கு அதில் அவமானமே இல்லை.

நீங்கள் மலைமேல் போனால், புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நடங்கள். காலடியில் ஒரு கூடு இருக்கலாம்.