டியூட் என்று பேர் வாங்கிய கரிச்சான்

மனிதர் பேச்சு பறவைகளுக்கும், பறவைகள் பேச்சு மனிதர்களுக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மலைமேல் ஒரு காப்பித் தோட்டத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தன. கூட்டத்துக்கு முன்னால் போகிறவள் பூணி. காலையில் அவள் குரல் கொடுத்தால்தான் மற்ற ஆறும் கிளையை விட்டு இறங்கும். உச்சிவெயிலில் ஏழும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடும். வெளியாருக்கு அந்தக் கிளையில் இடம் கிடையாது.

ஒரு நாள் கரிச்சான் ஒருவன் தனியாக வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் மினுமினுக்கும் கறுப்பு. வாலில் இரண்டு நீள இறகுகள், அடி முதல் நுனிவரை பட்டு ரிப்பன் மாதிரி. அவன் பறந்தால் குருவிகள் இரை பொறுக்குவதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தன. பூணியின் புருஷனும் பார்த்தான்.

பூணி தன் வாலைத் திரும்பிப் பார்த்தாள். புழுதி நிறம். தேய்ந்த துடைப்பம் போல இருந்தது.

தோட்டத்து பங்களாவில் அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தாள். சீமையிலிருந்து புதிதாக வந்த துரை ஒருவர் பட்டுக் கழுத்துத்துணியும் பளபளக்கும் பூட்ஸுமாகக் கிளம்பினால், பழைய துரைகள் "டியூட்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். உடுப்பு மட்டும்தான், வேலைக்கு ஆகமாட்டான் என்று அர்த்தம்.

"வாப்பா டியூட், வால் சேத்துல படாம பாத்து நட," என்றாள் பூணி.

எல்லோரும் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. கரிச்சானும் சிரித்தான். அதோடு நில்லாமல், அவர்களையும் திருப்பி அப்படியே கூப்பிட ஆரம்பித்தான்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலை பூணி குரல் கொடுத்தாள். ஒருவரும் இறங்கவில்லை.

"டியூட் சொல்லட்டும் அக்கா," என்றாள் கடைசித் தங்கை. "அவனுக்கு மேலருந்து எல்லாம் தெரியுது."

பூணிக்கு வயிறு எரிந்தது.

அன்று மத்தியானம் கரிச்சான் தயங்கித் தயங்கிக் கிளையருகே வந்தான். "அக்கா, எனக்கும் ஒரு தடவை கோதிவிடுறீங்களா? வால் எட்டல."

"வா, உக்காரு."

முதலில் ஒழுங்காகத்தான் கோதினாள். ஒட்டியிருந்த புல்விதையைக்கூட எடுத்துப் போட்டாள். ஆனால் அந்த இறகு அவ்வளவு மிருதுவாக இருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு இழையைப் பிடுங்கினாள். இன்னொன்று.

"வலிக்குதா?"

"இல்லக்கா." கண்ணை மூடியிருந்தான். அவனை யாரும் கோதியதே இல்லை.

அடியிலிருந்து உருவிக்கொண்டே போனாள். நுனியில் மட்டும் கொத்துக் கொத்தாக மிச்சமிருந்தபோது, குனிந்திருந்த அவள் முதுகில் ஒரு நிழல் விழுந்தது. வல்லூறு.

"கீழ குதிங்க டியூட்!"

கண்ணைத் திறந்து கத்தியது கரிச்சான். ஆனால் குரல் ஒரு மாதமாக அவன் கேட்டுப் பழகிய பூணியின் குரல், அச்சு அசலாக. இத்தனை நாளும் எந்தக் குரலுக்கு மற்ற ஆறும் யோசிக்காமல் இறங்கினவோ அந்தக் குரல். ஏழும் புதருக்குள் விழுந்தன. பூணியும்தான். நகம் வெறும் கிளையைக் கீறியது. கரிச்சான் வல்லூறை மலைச்சரிவு வரை துரத்திவிட்டுத் திரும்பினான்.

வாலில் இரண்டு மொட்டை ஈர்க்குகள். யாரும் சிரிக்கவில்லை. தன் வாலுக்கு என்ன ஆனது என்று கரிச்சான் கேட்கவும் இல்லை.

"அந்தப் பேருக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?" என்றாள் பூணி.

"மொத நாளே தெரியும். நானும் பங்களாப் பக்கம் போயிருக்கேன்ல."

"அப்புறம் ஏன் எங்களையும் அப்படியே கூப்பிடற?"

"இங்க வர்றதுக்கு முன்னாடி என்னை யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லக்கா."

பூணி கிளையில் அரைச் சிறகு அளவு நகர்ந்து இடம் விட்டாள்.

மறுநாள் காலை அவன் பறந்தான். ஈர்க்கு கண்ணுக்குத் தெரியவில்லை. நுனிக் கொத்துகள் மட்டும் இரண்டு கருவண்டுகளாக அவனைத் துரத்திக்கொண்டு போயின. முன்னைவிட அழகு. ஆறு குருவிகளும் அண்ணாந்து பார்த்தன. பூணிக்கு மறுபடி வயிறு எரிந்தது.

"டேய் டியூட்," என்றாள்.

அந்தக் காலையிலிருந்துதான் துடுப்புவால் கரிச்சான் ஊரார் குரலிலெல்லாம் பேசிக்கொண்டு தவிட்டுக்குருவிகளோடு திரிகிறான். புது பைக்கில் வந்து இறங்கும் சிநேகிதனை நாமும் "டியூட்" என்று தோளில் தட்டுகிறோம், பாதி பாசமும் பாதி வயிற்றெரிச்சலுமாக.