பார்க்கக் கூடாத பல்

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குத் தம் வயதை யாரும் எண்ணுவது பிடிக்காமல் போயிற்று. அவர் முடிசூடிய நாளில் பிறந்த குதிரை கார்முகில். குதிரையின் பல்லைப் பார்த்தால் வயது தெரியும். அதன் வயதைக் கொண்டு தம் வயதையும் கணக்கிடுவார்கள் என்று அரசர் அஞ்சினார்.

"கார்முகிலின் பல்லைப் பார்க்கும் கண்கள் பிடுங்கப்படும்" என்று ஆணையிட்டார்.

எட்டு ஆண்டுகள் அதன் வாயை யாரும் திறக்கவில்லை.

குதிரை இளைத்தது. புல்லைப் பாதி மென்று உருண்டையாகத் துப்பியது.

"மூப்பு, அரசே" என்றார் லாயத் தலைவர் பஞ்சநதியார். "வெள்ளிக்கிழமை காட்டில் விட்டுவிடலாம். என் வீட்டில் ஒரு வெள்ளைக் குதிரை தயாராக இருக்கிறது."

அரசர் சாளரம் வழியே லாயத்தைப் பார்த்தார்.

"போர்க்காலத்தில் கூடாரத்துக்கு வெளியே அது கொள்ளு மெல்லும். அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன். கேட்டு எத்தனை நாளாயிற்று!"

சபையில் இருந்த விகடகவி வெண்காடன் எழுந்தான். "மூப்பு இல்லை அரசே, பல். குதிரைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். ஓரம் கத்தியாகிக் கன்னத்தைக் கிழிக்கும். ஆண்டுக்கு ஒரு முறை அரத்தால் ராவ வேண்டும். என் தகப்பனார் குதிரை வியாபாரியிடம் அந்த வேலைதான் பார்த்தார்."

"ராவிப் பாரேன், வெண்காடா" என்றார் பஞ்சநதியார். "இரண்டு கண்ணும் உனக்கு அதிகம் என்றால்."

"ஆணை ஆணைதான்" என்ற அரசர் தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை வெண்காடன் லாயத்துக்குப் போனான். துண்டால் கண்களை இறுக்கிக் கட்டினான். குதிரையின் வாய்க்குள் விரலை விட்டுக் கூர்முனைகளைத் தேடினான். நீண்ட பிடி போட்ட அரத்தால் ராவினான். குதிரை ஒரு முறை தலையை உதறியது. பிறகு நின்றுகொடுத்தது.

பஞ்சநதியார் அவனைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"அரசே! ஆணையை மீறிவிட்டான். குதிரை வாய் திறந்திருந்தது. பல்லெல்லாம் மஞ்சள். மேல் கடைவாயில் ஒன்று ஆணிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் ராவினான். என் கண்ணாலேயே பார்த்தேன்!"

"மஞ்சளா?" என்றான் வெண்காடன். "எனக்குத் தெரியாது, அரசே. கட்டிய துண்டை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. பல்லைப் பார்த்த கண்கள் யாருடையவை என்பதைத் தாங்களே இப்போது அவர் வாயால் கேட்டீர்கள்."

பஞ்சநதியார் இரு கைகளாலும் தம் கண்களைப் பொத்திக்கொண்டார்.

அரசர் சிரித்தார். அரியணை குலுங்கச் சிரித்தார்.

"கையை எடும். கண்கள் உம்மிடமே இருக்கட்டும். ஆணையை இன்றோடு நீக்கினேன். இனி ஆண்டுதோறும் இவன் ராவும்போது குதிரையின் நாக்கைப் பிடித்துக்கொள்வது உம் வேலை."

வெண்காடனின் துண்டெல்லாம் குதிரை எச்சில். அரசரே அதை அவிழ்த்து எறிந்துவிட்டுத் தம் பட்டு மேலாடையை அவனுக்குப் போர்த்தினார். பொன்முடிப்பும் கொடுத்தார்.

"போய்ப் பல்லைப் பார். அதற்கு என்ன வயது?"

வெண்காடன் போய்ப் பார்த்து வந்தான். "இருபதைத் தாண்டிவிட்டது, அரசே."

"அவ்வளவா?"

"பத்து நாள் நன்றாகத் தின்னட்டும். பிறகு சவாரி போகலாம்."

அரசர் தம் நரைத்த தாடியைத் தடவினார். பிறகு பழைய போர்க் கூடாரத்தைத் தேடி எடுத்து, லாயத்தின் அருகில் அடிக்கச் சொன்னார்.